ரூபிகன் பாதையில் பழைய ஜீப்

ரூபிகன் என்றதும் சரித்திரம் படித்தவர்களுக்கு ஜூலியஸ் ஸீஸரின் ஞாபகம் வரும். கி.மு. 49-ல் அவர் தமது படையுடன் கடந்த ஆறு அது. நாம் இப்போது போகும் ரூபிகன் வேறு. அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில், ஸியரா நெவாடா மலைகளைக் கடந்து டாஹோ ஏரிக்குச் செல்லும் பாதைக்கு அந்தப் பெயர். பாதை என்று சொல்வது மரியாதைக்காகத்தான். சுமார் 22 மைல் தூரத்தில் பெரும் பகுதி வெறும் பாறைகளே.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்குள்ள ரூபிகன் ஊற்றுகளின் நீரை நாடி ஜனங்கள் குதிரை வண்டியில் வந்தார்கள். தங்குவதற்கு ஒரு ஹோட்டல்கூட இருந்தது. ஹோட்டல் மறைந்தது, பாறைகள் நிலைத்தன. 1953-ம் வருஷத்தில் ஜார்ஜ்டவுன் என்னும் சிற்றூரைச் சேர்ந்த மார்க் ஸ்மித் முதலியோர், ஐம்பதுக்கு மேற்பட்ட ஜீப்புகளைத் திரட்டி இப்பாதையில் ஓட்டினார்கள். அதுவே பிறகு பெரிய திருவிழாவாக வளர்ந்தது.

இந்தக் காலத்து வண்டிகளில் பெட்ரோலை அளந்து தெளிப்பதற்கு மின்சார மூளை இருக்கிறது. ஆனால் 1976 முதல் 1986 வரை செய்யப்பட்ட ‘ஸி.ஜே.-7’ போன்ற பழைய ஜீப்புகளில் பெரும்பாலானவை கார்புரேட்டரையே நம்பியவை. அது பழுதாகிவிட்டால் பதிலுக்கு எதை வைப்பது? சமவெளியில் இது பணத்தைப் பற்றிய கேள்வி. ரூபிகனில் இது உயிரைப் பற்றிய கேள்வி.

காரணம் எளிது. கார்புரேட்டரில் பெட்ரோல் தங்குவதற்கு ஒரு சிறு கிண்ணம் உண்டு. தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் பந்தைப் போல், ஒரு மிதவை அதன் மட்டத்தைக் காக்கிறது. காற்று ஒரு குறுகிய தொண்டை வழியாக விரைந்து செல்லும்போது, ‘ஜெட்’ என்னும் நுண்ணிய துவாரத்தின் மூலம் பெட்ரோலை இழுத்துக்கொள்கிறது. வண்டி பாறை மேல் செங்குத்தாக ஏறினால் கிண்ணத்துப் பெட்ரோல் ஒரு பக்கமாக ஒதுங்கும். துவாரம் வறண்டாலும் எஞ்சின் நிற்கும். பெட்ரோல் வழிந்து தொண்டைக்குள் கொட்டினாலும் நிற்கும்.

ஊற்றுகளைத் தாண்டியதும் ‘காடிலாக் ஹில்’ என்னும் ஏற்றம் வருகிறது. அங்கே கிடந்த ஒரு பழைய காடிலாக் மோட்டாரின் சிதைவே அந்தப் பெயருக்குக் காரணம். பாதை குறுகலானது, ஒரு புறம் பள்ளம். அங்கே எஞ்சின் நின்றால் ஸ்டியரிங் இறுகிவிடும். பிரேக்குக்கு எஞ்சின் தரும் உதவியும் சற்று நேரத்தில் தீர்ந்துவிடும். பின்னால் வரும் வண்டிக்காரர்களின் மனநிலையைச் சொல்ல வேண்டியதில்லை!

எண்பதுகளில் ஆறு ஸிலிண்டர் ஜீப்புகளில் வந்தது ‘கார்ட்டர் பி.பி.டி.’ அதன் மெல்லிய குழாய்களில் தூசி அடைத்துக்கொண்டால் எஞ்சின் மெதுவாக ஓடும்போது நடுங்கும். பம்ப் ஸ்டவ்வைப் பின்னால் குத்திக் குத்தி எரித்த வீடுகளுக்கு இந்தத் தொல்லை விளங்கும். ரூபிகனிலோ மனிதன் நடக்கும் வேகத்தைவிட மெதுவாகவே செல்ல வேண்டும்.

பதிலுக்குப் பலர் நாடுவது இத்தாலியில் பெயர் பெற்ற ‘வெபர் 32/36.’ இதில் இரண்டு வாய்கள். 32 மில்லிமீட்டர் வாய் முதலில் திறக்கும், பெடலை மேலும் அழுத்தினால்தான் 36 மில்லிமீட்டர் வாய் திறக்கும். ஜெட்டுகளை மாற்றுவதும் சுலபம். இன்னொன்று ‘மோட்டார்கிராப்ட் 2100.’ எட்டு ஸிலிண்டர் ஜீப்புகள் சிலவற்றில் கம்பெனியாரே இதைப் பொருத்தியதுண்டு. தொண்டையின் அளவு கிண்ணத்தின் பக்கத்திலேயே வார்க்கப்பட்டிருக்கும்; ஆறு ஸிலிண்டருக்கு 1.08 அங்குலம் போதும் என்பது அனுபவஸ்தர்களின் அபிப்பிராயம்.

பெரிய தொண்டை பெரிய பலம் தரும் என்று நினைக்கக் கூடாது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது, அகன்ற தொண்டையில் காற்றின் வேகம் குறைந்து, பெட்ரோலை இழுக்கும் சக்தியும் குறைகிறது. எஞ்சின் திணறுகிறது.

உயரத்தையும் கவனிக்க வேண்டும். 7,000 அடி உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். பழைய ஜெட்டையே வைத்திருந்தால் பெட்ரோல் மிகுந்து கரும்புகை வரும். எனவே சற்றுச் சிறிய ஜெட் வேண்டும். சட்டமும் குறுக்கே நிற்கிறது: 1976-க்குப் பிந்திய பெட்ரோல் வண்டிகள் அந்த மாகாணத்தில் புகைப் பரிசோதனையில் தேற வேண்டும், மாற்றுக் கார்புரேட்டருக்குக் காற்று வாரியத்தின் அனுமதி எண் இருக்க வேண்டும்.

கார்புரேட்டரையே ஒழித்து, பெட்ரோலைத் தெளிக்கும் சாதனத்தை வைப்போரும் உண்டு. அதற்கு மிதவைக் கிண்ணம் இல்லை. சாய்வைப் பற்றிய பயமும் இல்லை. ஆனால் விலை அதிகம். நடு மலையில் அது கெட்டால் திருப்புளியால் ஒன்றும் செய்ய முடியாது.

ஆகவே வாங்குகிறவர் குதிரைச் சக்தியைப் பற்றிக் கேட்பதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்பது நலம். சாய்வில் கிண்ணம் நிலைத்திருக்குமா? மெதுவாக ஓடும்போது எஞ்சின் அமைதியாக இருக்குமா? கெட்டால் பாறை மேல் உட்கார்ந்து நாமே பிரித்துப் பூட்ட முடியுமா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்று பதில் வந்தால், டாஹோ ஏரியின் நீல நீரை நிச்சயமாகத் தரிசிக்கலாம்.