தோளால் சொன்னேன்

மூக்கண்டப்பள்ளியில் நாங்கள் நான்கு பெண்கள் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தோம். எல்லோருக்கும் சிப்காட்டில் ஷிப்ட் வேலை. மாடிப்படியில் வந்து ஒண்டிய பூனை ஐந்தாவது ஆள்.

அதன் பேச்சு எங்களுக்குச் சீக்கிரமே பிடிபட்டது. வாலை நெட்டுக்குத்தாகத் தூக்கி வந்தால் நட்பு. வால் படபடவென்று அடித்தால், காது பின்னால் மடங்கினால், கையை எடுத்துவிட வேண்டும். மெல்லக் கண்ணை மூடித் திறந்தால் நிம்மதியாக இருக்கிறது. மல்லாந்து வயிற்றைக் காட்டுவது நம்பிக்கைதான். தொடச் சொல்லும் அழைப்பு அல்ல. தொட்டவள் பிராண்டல் வாங்கினாள். "அது சொல்லுச்சு, நீதான் கவனிக்கல" என்று சிரித்தோம்.

என் லைனில் சூப்பர்வைசர் பின்னால் வந்து தோளில் கை வைப்பார். என் தோள் இறுகும், கழுத்து குறுகும். கை நகராது. புகார் சொன்னபோது வந்த முதல் கேள்வி: "அப்பவே ஏம்மா சொல்லல?"

சொன்னேன். தோளால் சொன்னேன். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பெண் விரும்பாத தொடுகையைத் துன்புறுத்தல் என்கிறது. வாய்விட்டு மறுத்திருக்க வேண்டும் என்று அந்த வரையறையில் இல்லை.

மறுநாள் எழுத்தில் கொடுத்தேன். முதல் வரி: "என் உடம்பு இறுகியது. அவர் பார்த்தார். கையை எடுக்கவில்லை."