மாம்பழ வாசனை

ஆடிப்பூரத் தேருக்கு இரண்டு நாள் முன்னால் பேரன் சென்னையிலிருந்து பொதிகையில் வந்து இறங்கினான். இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். ஹாஸ்டல் சாப்பாட்டில் இளைத்துவிட்டான் என்று அவன் பாட்டிக்கு ஒரே கவலை. மறுநாள் மத்தியானம் அவள்தான் கேட்டாள். "மாடியில மாம்பழ வாசனை வருதே, யாரு சப்பட்டை வாங்கிட்டு வந்தது?"

ராஜபாளையத்துக்காரர்களுக்குச் சப்பட்டையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஆடி பிறந்தால் அதன் சீசன் ஓய்ந்துவிடுமே! மாடிக்குப் போனேன். ஜன்னலோரம் நின்றிருந்த பேரன் கையில் எதையோ மறைத்தான். வாங்கிப் பார்த்தால், பள்ளிக்கூடப் பிள்ளைகள் கலர் அடிக்கிற மார்க்கர் பேனா மாதிரி பச்சையும் மஞ்சளுமாக ஒரு சாமான். அறையில் புகையும் இல்லை, சாம்பலும் இல்லை. 28 வருஷம் சிகரெட் குடித்த என் மூக்குக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பாட்டியின் மூக்குதான் பிடித்தது.

"இது சிகரெட் இல்ல தாத்தா, வெறும் ஆவி. லண்டன்ல சிகரெட்ட விடறதுக்கு கவர்மெண்டே குடுக்குறாங்க."

அதில் உண்மை இருக்கிறது. ஹோன் லிக் என்ற சீனத்து மருந்தாளுநர் 2003-ல் இதை உருவாக்கினார். அவரும் புகைப்பவர், அவருடைய அப்பா நுரையீரல் புற்றுநோயில் இறந்தவர். இங்கிலாந்தில் சிகரெட்டை விட நினைப்பவர்களுக்கு அரசே இதைக் கொடுக்கவும் செய்கிறது. ஆனால் அதே இங்கிலாந்து, பேரன் கையில் இருந்தது போன்ற ஒரு தடவை இழுத்துத் தூக்கிப் போடுகிற வகையை 2025 ஜூன் முதல் தேதியிலிருந்து தடை செய்துவிட்டது. "நீ எந்த சிகரெட்டைடா விட்ட, இதைப் பிடிக்க?" என்று கேட்டேன். பதில் இல்லை. இவன் சிகரெட்டே தொட்டதில்லை.

பிறகு பையைத் திறக்கச் சொன்னேன். உறை பிரிக்காமல் இன்னும் ஒன்று இருந்தது. மெதுவாக விஷயம் வெளியே வந்தது. செல்போனில் முகம் தெரியாத யாரோ ஒருவனிடம் ஐந்து வாங்கியிருக்கிறான். துணி பார்சல் மாதிரி கூரியரில் வந்திருக்கிறது. மூன்றை ஹாஸ்டல் பையன்களுக்கு ஆளுக்கு 300 ரூபாய் லாபம் வைத்து விற்றிருக்கிறான்.

கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். கள்ளச் சந்தை, பறிமுதல் என்று தினமும் காலையில் காபியோடு படிக்கிறோம். அந்த வியாபாரி என் வீட்டு மாடியில் அரை டிராயரோடு நிற்கிறான்.

இங்கே என் பழைய கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் ஒரு ஸ்பின்னிங் மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க். பஞ்சு ஆலைக்குள் பீடி, தீப்பெட்டி கூடவே கூடாது. ஒரு பொறி போதும், மிக்ஸிங்கில் கிடக்கிற பஞ்சு முழுவதும் போய்விடும். சங்கு ஊதி ஷிப்ட் மாறும்போது வாட்ச்மேன் வாசலில் ஒவ்வொருவர் மடியையும் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார். ஒருநாள் இரவு ஷிப்டுக்கு வந்த ஒரு தொழிலாளி மடியில் இரண்டு பீடி இருந்தது. மூன்று நாள் சஸ்பென்ஷன். ஆர்டரை எழுதியவன் நான். எழுதும்போது என் சட்டைப் பையில் முழு சிசர்ஸ் பாக்கெட் இருந்தது. ஆபீஸ்காரர்கள் சட்டையை யாரும் தடவ மாட்டார்கள். அந்த மனிதர் என் பையைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவர் மூன்று நாள் கூலி போனது. நான் அப்புறமும் பல வருஷம் குடித்தேன்.

தேரன்று ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். வடம் பிடித்து முடித்து, மற்றவர்கள் பால்கோவா வாங்கப் போன நேரத்தில் பேரனை மட்டும் கூட்டிக்கொண்டு என் பழைய சிநேகிதர் வீட்டுக்குப் போனேன். மாவட்ட நீதிமன்றம் இருக்கிற ஊர் அல்லவா, அவர் நாற்பது வருஷம் வக்கீல் குமாஸ்தா. பையனை எதிரே உட்கார வைத்து, பாடம் மாதிரி சொன்னார்.

தமிழ்நாடு 2018-லேயே தடை போட்டது. மத்திய அரசு 2019 செப்டம்பர் 18-ம் தேதி அவசரச் சட்டம் கொண்டுவந்து, டிசம்பரில் முழுச் சட்டமாக்கியது. தயாரிப்பது, இறக்குமதி, விற்பது, விளம்பரம் எல்லாமே குற்றம். முதல் தடவை ஒரு வருஷம் வரை ஜெயில் அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், இரண்டுமே சேர்ந்தும் வரலாம். மறுபடி பிடிபட்டால் மூன்று வருஷம், ஐந்து லட்சம். சரக்கை இருப்பு வைக்க இடம் கொடுப்பவருக்கு ஆறு மாதம் அல்லது ஐம்பதாயிரம். (இந்த இடத்தில் என்னை ஒரு பார்வை பார்த்தார்.) இழுப்பவனுக்கு அந்தச் சட்டத்தில் தண்டனைப் பிரிவு கிடையாது.

"அப்ப நான் இழுத்தது தப்பில்லையா?" என்றான் பேரன்.

"மூணு பேருக்கு வித்தியே தம்பி, சட்டத்துக்கு நீ கடைக்காரன்" என்றார் அவர். பையன் முகம் வெளுத்துவிட்டது.

குட்காவை 2013-லிருந்து பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அது மூட்டையில் வரும், லாரியில் வரும், சோதனைச் சாவடியில் மாட்டும், பெட்டிக்கடைக்கு சீல் வைக்கலாம். இதற்குக் கடையே இல்லை. எந்தக் கதவில் சீல் வைப்பது?

ஸ்டேஷனில் ஒப்படைக்கலாமா என்று கேட்டேன். "குடுக்கலாம். எங்க கிடைச்சதுன்னு எழுதித் தரச் சொல்லுவாங்க" என்றார். நான் கொடுக்கவில்லை. வேறு வீட்டுப் பையனாக இருந்தால் கொடுத்திருப்பேனா? கொடுத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். இரண்டு பீடிக்குச் சஸ்பென்ஷன் எழுதிய கைதானே.

வீட்டுக்கு வந்து மூன்று பேருக்கும் பேரனையே போன் செய்ய வைத்தேன். சாமானை வாங்கிக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னான். இரண்டு பேர் ஒப்புக்கொண்டார்கள். மூன்றாமவன் தீர்ந்துவிட்டது என்றான். பணம் என் பென்ஷனிலிருந்து போயிற்று. இந்த மாதிரி விற்பனையைப் புகார் செய்ய மத்திய சுகாதார அமைச்சகம் 2023-ல் ஒரு இணையதளம் தொடங்கியிருக்கிறது. அதில் விற்றவனின் கணக்கை இருவருமாக உட்கார்ந்து பதிவு செய்தோம். என் மகளிடம் இதுவரை சொல்லவில்லை. அவள் இந்த வலைப்பூவைப் படிப்பதில்லை என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

வீட்டிலிருந்த இரண்டையும் மொட்டை மாடியில் வைத்துப் பிளந்தோம். நெருப்பில் போடக் கூடாது, பேட்டரி வெடிக்கும் என்று பேரன் சொன்னான். திரவம் தோலில் படக் கூடாது என்று கையில் பிளாஸ்டிக் பை கட்டிக்கொண்டோம். அதில் இருப்பது நிக்கோட்டின். அமெரிக்காவின் ஜூல் கம்பெனி தன் சின்னக் குப்பி ஒன்று ஒரு பாக்கெட் சிகரெட்டுக்குச் சமம் என்று தானே சொன்னது. ஓட்டைப் பிரித்தால் ஒரு குட்டி பேட்டரி, மேலே மெல்லிய சுருள் கம்பி, அந்தக் கம்பிக்குள் திரி மாதிரி கொஞ்சம் பஞ்சு. எனக்குச் சிரிப்புதான் வந்தது. அந்தக் கம்பி சூடேறி, பஞ்சில் ஊறியதை ஆவியாக்குகிறது. பஞ்சுப் பக்கம் தீப்பொறி வரக் கூடாது என்று வாசலில் மடி தடவிய ஊர் இது.

பேரன் ஊர் திரும்பிய பிறகு போன வாரம் போனில் பேசினான். இருமல் இல்லையாம், தூக்கம்தான் சரியாக வரவில்லையாம். எனக்கும் விட்ட புதிதில் அப்படித்தான் இருந்தது என்றேன்.

"அந்த மூணாவது பையன் எப்படி இருக்கான்?"

"மறுபடி வாங்கிட்டான் தாத்தா."

"யாருகிட்ட?"

"அதே ஆளுதான். இப்ப வேற பேருல இருக்கான்."