சேம்புச் சதுப்பில் இறங்கியவர்கள்

டோடோவின் எலும்புகளை மண்ணிலிருந்து மீட்டவர் யார் என்று கேட்டால், நூல்கள் ஜோர்ஜ் கிளார்க் என்ற பெயரைச் சொல்கின்றன. மொரீசியஸ் தீவின் மாஹேபூர் நகரில் ஆசிரியராக இருந்த ஆங்கிலேயர் அவர். ஆண்டு 1865. அவரே எழுதிய குறிப்பை வாசித்த நாளிலிருந்து எனக்கு இந்த விடையில் நிறைவில்லை. பதுளைத் தோட்டப்புறங்களைப் பற்றி எழுதியே தலை நரைத்தவன் நான் என்பதும் அதற்குக் காரணமாக இருக்கலாம்.

டோடோ, புறாக் குடும்பத்தைச் சேர்ந்த, பறக்கவியலாத பெரும் பறவை. மொரீசியசைத் தவிர வேறெங்கும் வாழ்ந்ததில்லை. இன்று உயிரோடிருக்கும் அதன் நெருங்கிய உறவு நிக்கோபார் புறா என்று 2002 ஆம் ஆண்டு மரபணு ஆய்வு காட்டியது. 1598 இல் ஒல்லாந்தர் அத்தீவில் இறங்கினர். கப்பல்களோடு வந்து சேர்ந்த எலியும் பன்றியும் குரங்கும் காட்டுக்குள் பரவின. தரையில் கூடு கட்டும் பறவை என்ன செய்யும்? பெரும்பாலானோர் ஏற்கும் கடைசிக் குறிப்பு 1662 ஆம் ஆண்டினது. பின்னர் எஞ்சியவை ஒக்ஸ்போர்டில் ஒரு தலை, இங்கும் அங்குமாகச் சில துண்டுகள், ஓவியர்கள் வரைந்த படங்கள், அவ்வளவுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது வெறும் கட்டுக்கதை என்று சொன்னவர்களும் இருந்தனர்.

அந்த நிலையில்தான் தீவின் தென்கிழக்கே, பிளேசான்ஸ் என்ற கரும்புத் தோட்டத்தின் சதுப்பு நிலத்தில் எலும்புகள் கிடைத்தன. அந்த இடத்தின் பெயர் மார் ஓ சோஞ். சோஞ் என்பது அவ்வூர் மொழியில் நமது சேம்பு. அப்போது மொரீசியசில் புகையிரதப் பாதை போடப்பட்டுக்கொண்டிருந்தது. அவ்வேலையிலிருந்த ஹரி ஹிகின்சன் என்ற பொறியியலாளர் பாதைக்கரை வழியே நடந்து வருகையில், "கூலிகள்" சிலர் சதுப்பு மண்ணை வெட்டியெடுப்பதையும் அதில் வந்த எலும்புகளைப் பிரித்துக் குவியல் குவியலாக வைப்பதையும் கண்டதாகப் பின்னாளில் எழுதினார். சிலவற்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். அவர் பிறகு அனுப்பிய எலும்புகள் இங்கிலாந்தின் அருங்காட்சியகங்களைச் சென்றடைந்தன.

கிளார்க்கின் குறிப்பு இன்னும் துல்லியமானது. தோட்டத்துரையின் அனுமதியோடு அவர் அங்கே போகிறார். ஓரங்களில் தேடியும் டோடோவின் எலும்பு அகப்படவில்லை. எனவே சில கூலிகளைச் சதுப்பின் நடுவே அனுப்புகிறார். மூன்றடி ஆழத் தண்ணீர். அவர்கள் வெறுங்கால்களால் சேற்றைத் துழாவுகிறார்கள். முழுக் கால் எலும்பொன்றும் வேறு சில எலும்புகளும் அகப்படுகின்றன. இரு நூற்றாண்டுகளாக மறைந்திருந்த பறவை இப்படித்தான் வெளியே வந்தது. எலும்புகள் இலண்டனுக்குக் கப்பலேறின. 1866 இல் உடற்கூற்றியலாளர் ரிச்சர்ட் ஓவன் அவற்றைக் கொண்டு தம் நூலை வெளியிட்டார்.

சேற்றுக்குள் இருப்பது வேரா, கல்லா, எலும்பா என்று காலாலேயே பிரித்தறிந்தவர்களின் பெயர் ஒன்றுகூட அந்தக் குறிப்பில் இல்லை.

அன்றைய மொரீசியஸ் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்தோர் பெரும்பாலும் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்கள். 1834 முதல் கல்கத்தா, சென்னை, பம்பாய்த் துறைமுகங்களிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். ஏறத்தாழ நான்கரை இலட்சம் பேர். அதே சென்னை மாகாணத்துக் கிராமங்களிலிருந்துதான் ஊவாவின் கோப்பித் தோட்டங்களுக்கும் நம் முன்னோர் நடந்து வந்தனர். தூரைக் கிளறினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று நம்மவர்களிடம் ஆசை காட்டிய கதையை மலையகத்தில் அறியாதார் இல்லை. மொரீசியசுக்குப் போனவர்களிடம், கல்லைப் புரட்டினால் தங்கம் கிடைக்கும் என்றார்களாம். மண்ணுக்கடியில் ஏதோ இருக்கிறது என்று சொன்னது மட்டும் பொய்யில்லை, எலும்பு இருந்தது.

பதுளைக்கு வருவோர் புனித மாற்கு தேவாலயத்தைப் பார்க்கலாம். அது மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் என்ற வெள்ளை அதிகாரியின் நினைவாக எழுப்பப்பட்டது. 1,400 யானைகளுக்கு மேல் சுட்டவர் என்று பெயர்பெற்ற அவர் 1845 இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். உயிர்களைக் கொன்று குவித்தவருக்கு ஒரு தேவாலயமே கிடைத்த நூற்றாண்டு அது. பெயர் போட மாட்டார்கள் என்றும் பொதுவாகச் சொல்லிவிட முடியாது. மொரீசியசில் டோடோவின் மிக முழுமையான எலும்புக்கூடுகளைக் கண்டெடுத்த எத்தியேன் திரியூ ஒரு முடிதிருத்துநர். அவருடைய பெயர் நிலைத்திருக்கிறது. ஆகவே எளிய தொழில் செய்தார்கள் என்பது மட்டும் காரணமாக இருக்க முடியாது.

1940களில் மலேரியாவைத் தடுப்பதற்காக அந்தச் சதுப்பில் கற்களைக் கொட்டி மூடினார்கள். 2005 இல் ஒல்லாந்த, மொரீசிய ஆய்வாளர்கள் மீண்டும் தோண்டியபோது, நாலாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட எலும்புப் படுகை அப்படியே இருந்தது.

பெயர்கள் எழுதப்படாமலும் இல்லை. மொரீசியசுக்கு வந்தவர்களின் பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், வந்த கப்பல் எல்லாம் பதிவேடுகளில் உண்டு. ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கமும் உண்டு. அந்த ஏடுகளை இன்று மொரீசியசின் மகாத்மா காந்தி நிறுவனம் காத்து வருகிறது. பாட்டன், பூட்டனைத் தேடி அங்கே போகிறவர்கள் ஊரையும் கப்பலையும் கண்டுபிடித்துத் திரும்புகிறார்கள். சேம்புச் சதுப்பில் இறங்கியவர்களும் அந்தப் பக்கங்களில்தான் எங்கோ இருக்கிறார்கள். அன்று தோட்டத்தில் அவர்களுக்கு ஒரு நாட்பேர் விழுந்திருக்கும்.