பிளியோமைசின் என்னும் மருந்து

கொம்பனித்தெருவில் வெற்றிலைக் கூறு விற்கும் தட்டைக் காணாது நெடுந்தூரம் நடத்தல் அரிது. பாக்கும் சுண்ணாம்பும் புகையிலையும் சேர்ந்த அக்கூறு வாய்ப்புற்றுக்கு வித்தாவதை நாம் அறிவோம். இந்நாட்டு ஆண்களை மிகுதியாகத் தாக்கும் புற்றுநோயும் அதுவே. ஆதலின் அடையாற்றில் நடந்த ஒரு முயற்சி நமக்கு அந்நியமானதன்று. முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் உழைப்பால் 1954இல் எழுந்த புற்றுநோய் நிலையத்தில், வைத்தியர்கள் கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் 1970களில் வாய்ப்புற்று நோயாளருக்குக் கதிர்ச்சிகிச்சையோடு பிளியோமைசினையும் கொடுத்து ஆராய்ந்தனர். கதிரை மட்டும் பெற்றோரினும் இரண்டையும் பெற்றோர் நற்பயன் கண்டனர். பின்னாளில் அவ்விடத்தைச் சிஸ்பிளாட்டின் பெற்றது வேறு கதை.

இம்மருந்தின் தாய்வீடு மண். கனமைசினைக் கண்டறிந்த யப்பானிய அறிஞர் உமெசாவா ஹமாவோ, ஸ்ட்ரெப்டோமைசிஸ் இனத்து நுண்ணுயிர் ஒன்றிலிருந்து இதனைப் பிரித்து 1966இல் உலகுக்கு அறிவித்தார். கலத்தினுள் நுழைந்ததும் இது இரும்பைப் பற்றிக்கொள்கிறது. இரும்போடு ஒட்சிசனும் சேர, அக்கூட்டு டீ.என்.ஏ. இழையைத் துண்டிக்கிறது, இழை அறுந்த கலம் பெருக மாட்டாது மடிகிறது. இம்மருந்தைச் சிதைத்து அடக்கும் நொதியம் ஒன்று உறுப்புகள் பலவற்றில் உண்டு. தோலிலும் நுரையீரலிலுமோ அது மிகக் குறைவு. ஆகவேதான், என்பு மச்சையை அதிகம் வருத்தாத பிளியோமைசின், நுரையீரலைத் தழும்பேறச் செய்யவல்லது. வாழ்நாளில் பெறும் மொத்த அளவு 400 அலகைக் கடவாதிருக்க வைத்தியர் கணக்கு வைப்பர். சிறுநீர் வழியே வெளியேறும் மருந்தாதலால், சிறுநீரகம் தளர்ந்தோர்க்கு இடர் இன்னும் மிகுதி.

எம் வீட்டில் இஃது ஏட்டறிவாக நிற்கவில்லை. தம்பிக்கு ஹொட்ஜ்கின் நோய் கண்டபோது, இரு வாரத்துக்கொரு முறை அவனோடு மகரகம வைத்தியசாலைக்குச் சென்று வந்தோம். ஏற்றிய நான்கு மருந்துகளுள் இரண்டு மண்ணுயிர் ஈந்தவை: செந்நிற டொக்சோரூபிசின் ஒன்று, இது மற்றொன்று. செம்மருந்து ஏறிய நாளில் சிறுநீர் சிவந்ததைக் கண்டு அம்மா கலங்கினார். அது மருந்தின் நிறமேயன்றிக் குருதியன்று. நாம் அஞ்சியது வறட்டிருமலுக்கு. படியேறுகையில் அவனுக்கு மூச்சு இளைக்கிறதா என்று எந்நேரமும் உற்று நோக்கினோம். அவனுக்கோ அது பெருஞ்சினமூட்டியது.

மூன்றாம் மாதம் இருமல் வந்தேவிட்டது. வைத்தியர் பிளியோமைசினை நிறுத்தி, ஏனைய மூன்றையும் தொடர்ந்தார். "மருந்தைக் குறைத்தால் நோய் திரும்பாதா?" என்று அம்மா கேட்டார். முதலிரு சுற்றுகளின்பின் படத்தில் நோய் தெரியாதோர்க்கு இதனை விட்டுவிடினும் பயன் பெரிதும் குன்றாதென்று 2016இல் வெளியான ஆய்வை வைத்தியர் பொறுமையாக எடுத்துரைத்தார். தம்பியின் படமும் தெளிவாகவே இருந்தது. அன்றிரவுதான் அம்மா வயிறாரச் சோறுண்டார்.

இருமல் அடங்கிற்று. எனினும் இம்மருந்து பெற்றவர்க்குப் பின்னொரு நாள் சத்திரசிகிச்சை நேர்ந்தால், மயக்க மருந்து கொடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லியாதல் வேண்டும். மிகையாகச் செலுத்தும் ஒட்சிசன் அந்நுரையீரலை மீண்டும் புண்படுத்தக்கூடும். தம்பியின் பணப்பையில், அடையாள அட்டையின் பின்னே, மருந்தின் பெயரும் அவன் பெற்ற மொத்த அளவும் எழுதிய சீட்டொன்று இருக்கிறது. அதனை எழுதி வைத்தவர் அம்மா.