கரி பிடித்த பிளக் யார் குற்றம்?

டூ-ஸ்ட்ரோக் வண்டி மக்கர் பண்ணினால் முதலில் பழி விழுவது ஸ்பார்க் பிளக் மேல்தான். கழற்றினால் கரியும் ஈரமுமாக இருக்கும். உடனே "இன்னும் ஹாட்டான பிளக் போடுப்பா" என்று யோசனை வரும். போட்டால் வண்டி ஓடவும் செய்யும். வில்லங்கமே அதுதான்! கோளாறு கார்புரேட்டரில் அப்படியே இருக்க, சேதி கொண்டு வந்த தபால்காரரை மாற்றியாகிவிட்டது.

ஹாட், கோல்டு என்பது பொறியின் சூடு இல்லை. பிளக் நுனியில் சேரும் சூடு எவ்வளவு சீக்கிரம் ஹெட்டுக்கு இறங்குகிறது என்பதுதான் கணக்கு. நுனி சுமார் 450 டிகிரி செல்சியஸைத் தொட்டால்தான் கரி தானாக எரிந்து போகும். 850-ஐத் தாண்டினாலோ பொறி வருவதற்கு முன்பே நுனி பெட்ரோலைப் பற்றவைத்துவிடும். கடையில் வாங்கும்போது ஒரு குழப்பம் உண்டு: என்ஜிகே பிளக்கில் எண் ஏற ஏற கோல்டு, பாஷில் (நம்மூர் பழைய மைக்கோ) தலைகீழ். யமஹா ஒய்இசட்250 மண்பாதை வண்டிக்கு என்ஜிகே பிஆர்8இஜி. காட்டுப் பாதையில் மெதுவாகவே ஓட்டுபவர் 7-க்கு இறங்கலாம். ஆனால் ஜெட்டைச் சரிபார்த்த பிறகு.

இனி ஜெட். ஆக்சிலேட்டர் கால்வாசி வரை பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும்; நடுவில் நீடில்; முக்காலுக்கு மேல் மெயின் ஜெட். கைப்பிடியில் டேப் ஒட்டிக் கோடு போட்டுக்கொண்டால், வண்டி எந்த இடத்தில் திணறுகிறது என்று தெரிந்துவிடும். நீடில் கிளிப்பை ஒரு படி கீழே மாட்டினால் நீடில் உயரும், பெட்ரோல் கூடும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டைத் தொட்டவர் எதனால் சரியானது என்று கடைசிவரை சொல்ல முடியாது.

பெட்ரோல் கூடினால் புகை, கரி, மந்தம்... அவ்வளவுதான். குறைந்தால்தான் ஆபத்து. ஏனென்றால் இந்த வண்டியில் ஆயில் பெட்ரோலோடு கலந்துதான் உள்ளே போகிறது. பெட்ரோல் குறைந்தால் சூடும் ஏறும், வழுவழுப்பும் போகும். சீஸ் ஆவதற்குச் சற்று முன்பு வண்டி பிரமாதமாகச் சீறுவது வேறு ஏமாற்று வேலை! ஓட்டத்தில் பிஸ்டன் கவ்வினால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். பயந்துபோய் ஆயிலை மட்டும் கூட்டுபவர்களும் உண்டு. ஆயில் கூடினால் கலவையில் பெட்ரோலின் பங்கு குறைகிறது. அதாவது இன்னும் லீன்! ஒரு பித்தளை ஜெட்டின் விலையையும், புது பிஸ்டன், சிலிண்டர் பூச்சு வேலைக்கான செலவையும் ஒரே லெட்ஜரில் எழுதிப் பார்த்தால் தலை சுற்றும்.

மெயின் ஜெட்டைச் சோதிக்க, புது பிளக் போட்டு, காலியான நேர்ப்பாதையில் முழு ஆக்சிலேட்டரில் ஓட்டி, அப்படியே கிளட்ச் பிடித்து என்ஜினை நிறுத்திப் பிளக்கைப் பார்ப்பார்கள். பீங்கான் காப்பிப் பொடி நிறம் என்றால் நலம். வெளேர் என்றால் லீன். அலுமினியத் துகள் மின்னினால் பிஸ்டன் கரையத் தொடங்கிவிட்டது. ஆற அமர ஐடிலில் வந்து நிறுத்திப் பார்த்தால் ஐடிலின் நிறம்தான் தெரியும்.

ஊரும் மாறக்கூடாது. மேட்டுப்பாளையத்தில் ஜோராக ஓடும் ஆர்எக்ஸ்100 ஊட்டி ஏறியதும் முனகுவதற்குக் காரணம், சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்திருப்பது. அங்கே சின்ன ஜெட் போட்டால் சரியாகும். அதோடு கீழே இறங்கி முறுக்கினால்தான் வினை. ஏறும்போது கழற்றிய பெரிய ஜெட் சட்டைப் பையிலேயே இருக்கட்டும்.