"கெட் பேக் டு யூ"ன்னா என்ன?

பிளேஸ்மென்ட் சீசன்ல இன்டர்வியூவுக்குப் போன எல்லாரும் ஒரு வாசகத்தைக் கண்டிப்பா கேட்டிருப்பீங்க: "வீ வில் கெட் பேக் டு யூ."

நானும் கேட்டேன். கம்பெனி பேர் வேண்டாம். கடைசி ரவுண்டு முடிஞ்சதும் சிரிச்ச முகமா சொன்னாங்க. ராத்திரி அப்பா போன்ல கேட்டார், "என்ன சொன்னாங்க?" நான் வார்த்தைக்கு வார்த்தை தமிழ்ப்படுத்தினேன். "திரும்பக் கூப்பிடுறோம்னு சொல்லியிருக்காங்கப்பா."

எங்க ஊர் சேத்தியாத்தோப்பு. கரும்பு விவசாயம். அப்பா வயலுக்குப் போனா போனை வீட்டிலேயே வெச்சிட்டுப் போற ஆள். ரெஸ்யூமேவில் ரெண்டாவது நம்பரா அவர் நம்பரைத்தான் கொடுத்திருந்தேன். அன்னையிலிருந்து தண்ணி பாய்ச்சும்போதுகூடப் போன் சட்டைப் பையில். மூணு வாரம். தினமும் ஒரே கேள்வி: "கூப்பிட்டாங்களா?"

எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷ் மீடியம் படிச்சவன் நான். கெட், பேக், யூ எல்லாமே ஒண்ணாங் கிளாஸ் வார்த்தைதான். சேர்த்து வெச்சா மட்டும் எனக்கே அர்த்தம் தெரியல. 'கிவ்' தெரியும், 'அப்' தெரியும்; 'கிவ் அப்'புக்கு ரெண்டையும் கூட்டினா விடை வராது. கூட்டினா வராத இந்தக் கணக்குக்குத்தான் ஃப்ரேசல் வெர்ப்னு பேர்.

இதைப் பத்தி எங்க டிபார்ட்மென்ட் சீனியர் அக்காகிட்ட புலம்பினேன். அவங்க இப்போ நெதர்லாந்தில், ஐண்ட்ஹோவனில் எம்.எஸ். படிக்கிறாங்க. "இதுக்கே இப்படியா? இங்க வந்து டச்சு படிச்சுப் பாரு"ன்னு சிரிச்சிட்டு, அவங்க நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினாங்க. இடது பக்கம் இங்கிலீஷ், வலது பக்கம் டச்சு. மூணாவதா தமிழ்ப் பத்தி ஒண்ணு நானே போட்டேன். அங்கதான் சுவாரஸ்யமே.

இங்கிலீஷ்காரனுக்கு மழைன்னா நாயும் பூனையும் கொட்டும். டச்சுக்காரனுக்குப் புகைக்குழாய்த் தண்டு கொட்டும். நமக்கு வானம் பொத்துக்கிட்டு ஊத்தும். அவன் ஒரு கல்லில் ரெண்டு பறவை அடிப்பான், இவன் ஒரே அடியில் ரெண்டு ஈ அடிப்பான், நாம ரெண்டு மாங்காய் அடிப்போம். (பறவையும் ஈயும் அடிச்சு என்ன பிரயோஜனம்? மாங்காயாவது தொட்டுக்க ஆகும்.)

டச்சிலும் 'அப்', 'அவுட்' மாதிரி ஒட்டுகள் உண்டு. 'கிவ் அப்'புக்கு 'ஒப்கேஃபன்'. அச்சு அசல் அதே ரெண்டு துண்டு, முன்பின்னா மாத்தி வெச்சிருக்காங்க, அவ்வளவுதான். அதை நம்பி எல்லாத்தையும் இப்படிப் படிச்சா மாட்டிக்குவீங்க. இங்கிலீஷில் 'மேக் அவுட்'னா பார்த்துப் புரிஞ்சுக்கிறது. அதே துண்டுகளை டச்சில் சேர்த்தா காதலை முறிச்சுக்கிறது! 'ஃபைண்ட் அவுட்'டின் துண்டுகளை டச்சில் சேர்த்தா புதுசா ஒரு பொருளைக் கண்டுபிடிக்கிறது. நம்ம 'கண்டுபிடி'யைப் பாருங்க. தொலைஞ்ச சாவிக்கும் அதுதான், ரேடியோவுக்கும் அதுதான். காண்பது, பிடிப்பது ரெண்டையும் ஒட்டினது. விட்டுக்கொடு, போட்டுக்கொடு, தள்ளிப்போடு எல்லாமே இந்த ஜாதிதான். நம்மகிட்டயும் ஃப்ரேசல் வெர்ப் இருக்கு. யாரும் நமக்குப் பாடமா நடத்தல, அதனால கஷ்டமாத் தெரியல.

இன்னொண்ணு. எங்க அப்பாயி 'கக்கூஸ்', 'துட்டு'ன்னுதான் பேசும். ஸ்கூல்ல நான் 'கக்கூஸ்'னு சொல்லி எல்லாரும் சிரிச்சதிலிருந்து, அந்த வார்த்தையையே விட்டுட்டேன். பட்டிக்காட்டுத் தமிழ்னு நினைச்சேன். ரெண்டுமே டச்சாம்! 'காக்ஹௌஸ்'னா மலம் கழிக்கிற வீடு. 'டௌட்' அவங்க செப்புக் காசு. எங்க ஊர் அணையைத் தாண்டிப் போற வெள்ளாறு பரங்கிப்பேட்டையில கடலில் கலக்குது. 17ஆம் நூற்றாண்டில் அங்கேயும், கடலூர் தேவனாம்பட்டினத்திலும் டச்சுக் கம்பெனிக்காரங்க துணி வாங்கக் கடை போட்டிருந்தாங்க. கம்பெனி போயிடுச்சு, துட்டு நின்னுடுச்சு. இலங்கைத் தமிழ்ல இன்னும் அதிகம்: ஆபீசுக்குக் கந்தோர், பீன்ஸுக்குப் போஞ்சி, மேஜை டிராயருக்கு லாச்சி.

அக்கா நோட்டில் எனக்கு ரொம்பப் பிடிச்சது ஒரு மரபுத்தொடர்: 'கதவோட சேர்ந்து வீட்டுக்குள்ள விழறது'. சுத்தி வளைக்காம நேரா விஷயத்துக்கு வர்றதுன்னு அர்த்தம். "இங்க புரொபசருங்க அப்படித்தான். நல்லா இல்லன்னா நல்லா இல்லன்னு மூஞ்சிக்கு நேராவே சொல்லிடுவாங்க. முதல்ல அழுகை வந்துச்சு, இப்போ அதுதான் நிம்மதி"ன்னாங்க.

அதைப் படிச்சதும்தான் உறைச்சது. கம்பெனிக்காரங்க சுத்தி வளைச்சாங்க, சரி. அர்த்தம் தெரிஞ்ச பிறகும் அப்பாகிட்ட நான் என்ன பண்ணிக்கிட்டிருந்தேன்? "இன்னும் கூப்பிடலப்பா, பார்ப்போம்"னு நானும் அதையேதான் பண்ணேன்.

அந்த சனிக்கிழமை ஊருக்குப் போனேன். அப்பா வரப்பு மேல நின்னுக்கிட்டிருந்தார். கதவோட விழுந்தேன். "அந்த வேலை கிடைக்கலப்பா. அவங்க கூப்பிட மாட்டாங்க."

"கூப்பிடுறேன்னு சொன்னாங்களே?"

எனக்குச் சட்டுனு மூணாவது பத்தி ஞாபகம் வந்துச்சு. "அக்காவை முதல்ல பொண்ணு பார்க்க வந்தவங்க, 'ஊருக்குப் போய் லெட்டர் போடுறோம்'னு சொல்லிட்டுப் போனாங்களே... அது மாதிரிப்பா."

அப்பா கொஞ்ச நேரம் கரும்பையே பார்த்தார். அப்புறம் சிரிச்சிட்டார். "அட, அவ்வளவுதானா? இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல? சட்டைப் பையில இதைத் தூக்கிக்கிட்டுத் திரியுறேன்." போனை எடுத்து என் கையில கொடுத்துட்டு மடை திறக்கப் போயிட்டார்.

அப்படியே கேட்டிருந்தா, அப்பா அன்னைக்கே பதில் சொல்லியிருப்பார். நான்தான் வார்த்தையை மட்டும் மொழிபெயர்த்தேன்.

ஜூனியர்ஸ், உங்க வீட்டிலும் யாராவது போனைப் பையில் வெச்சுக்கிட்டுக் காத்திருக்கலாம். முதல்ல அவங்ககிட்ட நேராச் சொல்லிடுங்க. ஒரு பேச்சில் தன் பங்குக்கு ஒரு கருத்துச் சொல்றதை டச்சில் 'பைக்குள்ள ஒரு துட்டுப் போடுறது'ன்னு சொல்வாங்களாம். இது என் துட்டு.