எத்தனை நாள்?

நீதிமன்றத்தில் கைதட்டல் கேட்பேன் என்று நான் எண்ணியதில்லை. சில ஆண்டுகளுக்கு முன், அமெரிக்காவில் நான் வசிக்கும் ஊரில், அலுவலக நண்பர் ஒருவர் தம் மகனின் வழக்கிற்காகச் சென்றபோது துணைக்குப் போயிருந்தேன். போதைப்பழக்கத்தால் வழக்கில் சிக்கியவர்களுக்கென்றே உள்ள சிகிச்சை நீதிமன்றம் அது. பெயரைக் கூப்பிட்டதும் பையன் எழுந்து நின்றான். நீதிபதி கோப்பை மூடிவிட்டு அவன் முகத்தைப் பார்த்து, "எத்தனை நாள்?" என்றார். "தொண்ணூற்றிரண்டு" என்றான். அரங்கம் முழுதும் கைதட்டியது. அரசு வழக்கறிஞரும் தட்டினார். நண்பர் தலைகுனிந்து அழுதார்.

இந்த முறை 1989இல் மயாமியில் தொடங்கியது. கொக்கெய்ன் வழக்குகளால் சிறைகள் நிரம்பி வழிந்த காலம். விடுதலையானவர்களே மறுபடியும் பிடிபட்டு வந்துகொண்டிருந்தார்கள். அவர்களைச் சிகிச்சைக்கு அனுப்பி, சிறுநீர்ப் பரிசோதனை வைத்து, அடிக்கடி ஒரே நீதிபதியின் முன் நிறுத்தினார்கள். ஓராண்டோ அதற்கு மேலோ தாக்குப்பிடித்து முடித்தால் வழக்கு தள்ளுபடியாகும், அல்லது தண்டனை குறையும். இன்று அந்நாட்டில் 3000க்கும் மேற்பட்ட சிகிச்சை நீதிமன்றங்கள் உள்ளன.

அன்று அடுத்து வந்த பெண் பரிசோதனையில் தோற்றிருந்தாள். அவளிடமும் நீதிபதி கனிவாகவே பேசினார். பேசி முடித்து, இரண்டு நாள் சிறை என்றார். எனக்கு அது உறுத்தியது. போதைக்கு அடிமையாயிருப்பதே குற்றமாகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1962இலேயே சொல்லிவிட்டது. மீண்டும் வழுக்கி விழுவது நோயின் இயல்பு என்கிறார்கள் மருத்துவர்கள். நோயாளி என்று அழைத்து வந்து நோய்க்காகவே விலங்கிடுவது என்ன நியாயம்?

ஆனால் எனக்கு வேறொரு நீதிமன்றமும் நினைவில் இருக்கிறது. 1994இல் என் அண்ணன் சிறிதளவு கஞ்சாவுடன் பிடிபட்டார். விசாரணை ஐந்து நிமிடங்கூட நடக்கவில்லை. நீதிபதி நிமிர்ந்தே பார்க்கவில்லை. மூன்று மாதம். உள்ளே கிடைத்த சகவாசம் அவரைக் கஞ்சாவோடு நிற்கவிடவில்லை. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, இத்தகையவரைச் சிறைக்கு அனுப்பாமல், அவரது சம்மதத்துடன், பிணை எழுதி வாங்கிக்கொண்டு அரசு அங்கீகரித்த மருத்துவமனைக்கு அனுப்ப நீதிமன்றத்திற்கு அதிகாரம் தருகிறது. அன்றும் அது சட்டத்தில் இருந்தது. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அண்ணன் போய்ப் பல ஆண்டுகள் கழித்துத்தான் படித்தேன்.

ஆகவே அந்த இரண்டு நாள் சிறையை எதிர்த்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பெண்ணின் பெயராவது அங்கே ஒருவருக்குத் தெரிந்திருந்தது.

அண்ணன் இறந்த பின் அவர் அறையைப் பெருக்கியபோது, தலையணைக்கடியில் நாட்காட்டியிலிருந்து கிழித்த தாள்கள் கிடைத்தன. ஒவ்வொன்றின் மூலையிலும் பென்சிலால் ஓர் எண். கடைசித் தாளில் 19 என்றிருந்தது. அவர் எண்ணிக்கொண்டிருந்தது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. நாங்கள் கேட்டதில்லை.